சிவபூஜையில் புகுந்த கரடி: ஷேக்ஸ்பியர் மேடையின் ஒரு விலங்கைப் பற்றிய ஆய்வுகள்

ஷேக்ஸ்பியரின் 'தி வின்டர்ஸ் டேல்' நாடகத்தின் முதல் மூன்று அங்கங்களில் சிரிப்புக்கு அநேகமாக இடமில்லை. சிசிலியாவின் அரசன் லியாண்டிஸ் காரணமே இல்லாமல் மனைவி ஹெர்மையனியைச் சந்தேகிக்கிறான். சிறைக்குள் அவள் பெற்ற பெண் குழந்தை தன்னுடையதல்ல என்று முடிவுகட்டுகிறான். மகன் மமிலியஸ் ஏங்கியே செத்துப்போகிறான். அரசியும் இறந்துவிட்டாள் என்று செய்தி வருகிறது. குழந்தையைக் கண்காணாத இடத்தில் விட்டுவர அனுப்பப்பட்ட ஆன்டிகோனஸ் என்ற பிரபு, பொஹீமியாவின் கடற்கரையில் அதைக் கிடத்துகிறான். வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. அந்த நேரத்தில், யாரும் எதிர்பாராமல், மேடைக்குள் ஒரு கரடி நுழைகிறது. ஆன்டிகோனஸ் ஓட, கரடி அவனைத் துரத்திக்கொண்டு போகிறது. அரங்கம் சிரித்துவிடுகிறது.

கோடைக்காலத்தில் திறந்தவெளியில் இந்த நாடகத்தைப் போடுகிற எந்தக் குழுவும் இந்தச் சிரிப்பைப் பற்றி யோசிக்காமல் ஒத்திகைக்குப் போக முடியாது. சிவபூஜையில் கரடி புகுந்ததுபோல் ஒரு பெருந்துயரத்தின் நடுவே இந்த விலங்கு ஏன் வந்தது, அது உண்மையான கரடியா, தோல் போர்த்திய மனிதனா, சிரிப்பு நாடகாசிரியன் வேண்டியதா, கைமீறிப் போனதா என்று ஆய்வாளர்கள் நூறாண்டுகளாக எழுதிவருகிறார்கள். அந்த எழுத்துகளைப் படித்தபின் என் மனத்தில் உறுதியாக நிற்பது ஒன்றுதான்: அந்தச் சிரிப்பு பிழையல்ல, நாடகத்தின் மையமே அதில்தான் சுழல்கிறது.

முதலில் ஒரு செய்தி. இந்த நாடகத்துக்கு மூலமான ராபர்ட் கிரீனின் 'பேன்டோஸ்டோ' கதையில் (1588) கரடியும் இல்லை, ஆன்டிகோனஸும் இல்லை. அங்கே குழந்தை படகில் தனியே விடப்படுகிறது, அலை அதைக் கரை சேர்க்கிறது. ஆக, ஷேக்ஸ்பியர் ஒரு மனிதனைப் புதிதாகப் படைத்து, அவனைத் தின்ன ஒரு கரடியையும் படைத்திருக்கிறார். கைதவறி விழுந்த காட்சியல்ல இது. சோதிடரான சைமன் ஃபோர்மன் 1611 மே 15 அன்று குளோப் அரங்கில் இதைப் பார்த்துக் குறிப்பெழுதி வைத்திருக்கிறார். குழந்தையைக் கைவிட்டது, பின்னர் அது கண்டெடுக்கப்பட்டது, ஆட்டோலிகஸ் என்ற எத்தன் எல்லாம் அதில் உண்டு. கரடி இல்லை. அச்சில் நாடகம் வெளிவந்தது 1623-இல், ஷேக்ஸ்பியர் நாடகங்களின் தொகுப்பான முதல் ஃபோலியோவில். கரடி துரத்த அவன் வெளியேறுகிறான் என்ற அந்தச் சிறு மேடைக்குறிப்பை நாம் அறிவது அதன் வழியாகத்தான்.

1931-இல் கேம்பிரிட்ஜ் பதிப்பைத் தயாரித்தவர்களில் ஒருவரான ஆர்தர் குய்லர்-கௌச் இந்தக் கரடியை நாடகத்துக்குத் தேவையற்ற ஒட்டுவேலை என்றே கருதினார். பக்கத்திலிருந்த கரடிக் கொட்டடியில் பழகிய விலங்கொன்று வாடகைக்குக் கிடைத்திருக்கும், கூட்டத்தை மகிழ்விக்க அதைக் கொண்டுவந்திருப்பார்கள் என்பது அவர் கருத்து. இதற்கு வலுவான பதில் 1958-இல் நெவில் காக்ஹில் எழுதிய கட்டுரையில் வந்தது. காக்ஹில் ஏட்டறிஞர் மட்டுமல்ல, ஆக்ஸ்ஃபோர்டில் நாடகங்களை இயக்கியவர். மேடையில் நிஜக் கரடியை நம்ப முடியாது, மனிதன் வேடமிட்ட கரடியோ பயத்தையும் சிரிப்பையும் ஒரே நொடியில் எழுப்பும், துன்பியல் இன்பியலாகத் திரும்புகிற கீல் அதுதான் என்றார். ஆய்வு உலகம் அதன்பின் கரடியைக் குறையாகப் பார்ப்பதைப் பெரும்பாலும் விட்டுவிட்டது.

காக்ஹில் பக்கம் நிற்க எனக்குப் போதுமான சான்று 'ம்யூசிடோரஸ்' நாடகத்தில் இருக்கிறது. ஆசிரியர் பெயர் தெரியாத இந்த நாடகம் அந்தக் காலத்தில் மீண்டும் மீண்டும் அச்சேறியது. ஷேக்ஸ்பியரின் சொந்தக் குழுவான கிங்ஸ் மென் இதை அரசர் முன் ஆடியது. 1610 பதிப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு காட்சியில், மௌஸ் என்ற கோமாளி கரடியைக் கண்டு அலறி ஓடி வருகிறான். கரடி வருகிறதா என்று பார்த்தபடியே பின்னோக்கி நடக்கிறவன் அந்தக் கரடியின் மேலேயே இடறி விழுகிறான். அதற்கு முன் அவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுதான் முக்கியம்: இது கரடியாக இருக்காது, கரடி உடுப்புப் போட்ட ஏதோ பிசாசு, நிஜக் கரடிக்கு இவ்வளவு சுறுசுறுப்பு ஏது என்கிறான். தோலுக்குள் ஒரு ஆள் இருக்கிறான் என்பது கூட்டத்துக்கும் தெரியும், கோமாளிக்கும் தெரியும். தெரிந்தும் பயப்படுகிறார்கள், பயந்துகொண்டே சிரிக்கிறார்கள். இந்தக் காட்சியை ஆடிப் பழகிய நடிகர்கள்தான் அடுத்த ஆண்டு 'தி வின்டர்ஸ் டேல்' போட்டவர்கள். சிரிப்பு வரும் என்று ஷேக்ஸ்பியருக்குத் தெரியாமல் இருந்திருக்கவே முடியாது.

இன்னொரு சான்றும் உண்டு. பிலிப் ஹென்ஸ்லோ நாடக முதலாளி. அவருடைய மாப்பிள்ளை முறைக்காரரான நடிகர் எட்வர்ட் அலென் கரடிகளை வைத்து வேடிக்கை காட்டும் கரடித் தோட்டத்தில் 1594-இலேயே பங்கு வாங்கிவிட்டார். 1604-இல் இருவரும் சேர்ந்து அரசரின் கரடி, காளை, நாய் விளையாட்டுகளுக்கே அதிகாரிகளானார்கள். உயிருள்ள கரடிகள் இப்படிக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், அவர்களுடைய நாடகக் குழுவின் 1598 சாமான் பட்டியலில் ஒரு சிங்கத் தோலும் ஒரு கரடித் தோலும் பதிவாகியிருக்கின்றன. கரடி வைத்திருந்தவர்களே மேடைக்குத் தோலைத்தான் நம்பினார்கள்.

விவாதம் இத்தோடு முடிந்துவிடவில்லை. 1609-இல் ஜோனஸ் பூல் சென்ற வடகடல் பயணத்தில் பிடிபட்ட இரண்டு வெள்ளைக் கரடிக் குட்டிகள் லண்டனுக்கு உயிரோடு வந்து சேர்ந்தன. 1611 ஜனவரி முதல் நாள் அரண்மனையில் அரங்கேறிய பென் ஜான்சனின் 'ஓபெரான்' என்ற மாஸ்க்கில் (அரசவைக் கேளிக்கை நாடகம்), தேவதை இளவரசனின் தேரை இரண்டு வெள்ளைக் கரடிகள் இழுத்து வருகின்றன. ஒரே சமயத்தில் 'ம்யூசிடோரஸ்', 'ஓபெரான்', 'தி வின்டர்ஸ் டேல்' மூன்றிலும் கரடி தலைகாட்டுவதை வைத்து தெரசா கிராண்ட், பார்பரா ராவெல்ஹோஃபர் இருவரும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பழைய ஆவணங்களைக் கிளறி, நிஜ விலங்கு என்ற வாய்ப்பை மீண்டும் விவாதத்துக்குக் கொண்டுவந்தார்கள். அவர்கள் திரட்டிய தகவல்கள் அருமையானவை. ஆனால் 1611 மே மாதத்தில் அந்தக் குட்டிகளுக்கு இரண்டு வயதுக்குமேல் ஆகியிருக்கும். அந்த வயது வெள்ளைக் கரடி ஒரு ஆளை அடித்து வீழ்த்தும். துரத்து என்றால் துரத்தி, திரைக்குப் பின்னால் போனதும் நின்றுவிடும் என்று அதை நம்பி யார் முன்னால் ஓடுவது?

நிஜமா வேடமா என்ற கேள்வியிலேயே பல கட்டுரைகள் நின்றுவிடுவது எனக்கு வருத்தம். ஏனென்றால் நிஜக் கரடிகள் அரங்கத்துக்கு வெளியே சில நூறு அடி தூரத்தில் துன்பப்பட்டுக்கொண்டிருந்தன. தேம்ஸ் நதியின் தென்கரையில் கரடியைக் கம்பத்தில் சங்கிலியால் கட்டி, அதன்மேல் நாய்களை ஏவி வேடிக்கை பார்ப்பார்கள். சில கரடிகளுக்குப் பெயரும் புகழும் இருந்தன: ஹாரி ஹங்க்ஸ், ஜார்ஜ் ஸ்டோன், சாக்கர்சன். கடைசிப் பெயரை ஷேக்ஸ்பியரே தம் நாடகமொன்றில் ஒரு பாத்திரத்தின் வாயில் வைத்திருக்கிறார். ஹாரி ஹங்க்ஸ் கண் தெரியாத கரடி. அதைச் சுற்றி நின்று சவுக்கால் அடித்து, தோளில் ரத்தம் வழிய வைத்ததைப் பார்த்த தாமஸ் டெக்கர், அடித்தவர்களை மனித உருவம் கொண்ட பிராணிகள் என்று குறிப்பிட்டு, அந்தக் கரடிக்காக மனம் இரங்கியதாக 1609-இல் எழுதினார். 1614-இல் திறந்த ஹோப் அரங்கில் கழற்றக்கூடிய மேடை ஒன்று இருந்தது. நாடகத்துக்கு அதைப் போடுவார்கள், கரடி விளையாட்டுக்கு எடுத்துவிடுவார்கள். பென் ஜான்சனின் 'பார்த்தலோமியூ ஃபேர்' அங்கேதான் அந்த ஆண்டு அக்டோபர் 31 அன்று அரங்கேறியது. இடத்தின் நாற்றத்தைப் பற்றி நாடகத்தின் முன்னுரைக் காட்சியே பேசுகிறது.

மேடை, கம்பம், தூக்குமேடை மூன்றும் ஒரே பார்வைக் கலாச்சாரத்தின் பகுதிகள் என்று வாதிட்டு ஆண்ட்ரியாஸ் ஹொஃபெல் 2011-இல் வெளியிட்ட நூல் இந்தத் துறையின் போக்கையே மாற்றியது. 'மேக்பெத்' முடிவில் தன்னைக் கம்பத்தில் கட்டிய கரடியாக மேக்பெத் காண்பதும், 'கிங் லியர்' நாடகத்தில் குளோஸ்டர் கட்டப்பட்ட நிலையில் அதே உருவகத்தில் பேசுவதும் அந்த நூலுக்குப் பின் வெறும் அணியாகத் தோன்றுவதில்லை. அண்மையில் 'பாக்ஸ் ஆபீஸ் பேர்ஸ்' என்ற ஆய்வுத் திட்டம் தென்கரை அகழாய்வுகளில் கிடைத்த கரடி, நாய் எலும்புகளை மரபணுச் சோதனைக்கு உட்படுத்தியது. இலக்கிய ஆய்வும் தொல்லியலும் ஒரே மேசையில் அமர்ந்தது நல்ல காரியம். பிரிட்டனின் காடுகளில் கரடி அதற்கு வெகுகாலம் முன்பே அற்றுப்போயிருந்தது. கம்பத்தில் கட்டப்பட்ட கரடிகளின் வம்சம் கடல் கடந்து வந்தது. இந்தக் கொடுமையைச் சட்டம் தடைசெய்தது 1835-இல்.

இந்தப் பின்னணியோடு காட்சியை மறுபடி படித்தால் பலரும் தாண்டிப்போகிற ஒரு விவரம் கண்ணில் படும். கரடி வருவதற்குமுன் வேட்டை ஆரவாரம் கேட்கிறது. ஆன்டிகோனஸே அதைச் சொல்கிறான். அடுத்து வருகிற கிழ இடையன், இந்தக் காலநிலையில் பத்தொன்பது, இருபத்திரண்டு வயதுப் பையன்களைத் தவிர வேறு யார் வேட்டைக்குப் போவார்கள், என் ஆடுகளில் இரண்டை மிரட்டி ஓட்டிவிட்டார்கள் என்று புலம்புகிறான். அதாவது துரத்துகிற கரடி, தானே துரத்தப்பட்டு வந்த கரடி. அதற்குப் பிறகு இடையனின் மகன் ஓடி வந்து, கடலில் கப்பல் முழுகுவதையும் கரையில் கரடி அந்த மனிதனின் தோள் எலும்பைப் பிய்ப்பதையும் ஒரே மூச்சில், இங்கொன்றும் அங்கொன்றுமாக மாற்றி மாற்றிச் சொல்கிறான். மாலுமிகளின் அலறலும் அந்தப் பிரபு தன் பெயரைச் சொல்லி உதவி கேட்டதும் அவன் பேச்சில் கலந்துவிடுகின்றன. கொடூரமான செய்தி, ஆனால் அவன் சொல்லும் விதத்தில் சிரிப்பை அடக்க முடியாது. கடைசியில் அவன் கரடிமேல் பழியே போடுவதில்லை. பசித்தால்தான் அவை பொல்லாதவை என்று சொல்லிவிட்டு, மிச்சம் இருந்தால் புதைக்கப் போகிறான். அதே நேரத்தில் அவனுடைய அப்பன் கையில் உயிரோடு ஒரு குழந்தை. ஷேக்ஸ்பியர் எழுதியவற்றில் இதைவிட இரக்கமுள்ள நகைச்சுவை இல்லை என்பேன்.

லூயிஸ் கிளப், இத்தாலிய மேய்ச்சல்நில நாடகங்களில் கரடி அச்சத்துக்கும் கேலிக்கும் நடுவே நிற்கும் விலங்காகவே வந்திருப்பதை 1972-இல் காட்டினார். மைக்கேல் பிரிஸ்டல் 1991-இல் கரடியைக் குளிர்கால முடிவின் நாட்டார் சடங்குகளோடு இணைத்தார். ஆண்ட்ரூ கர், நாடக முடிவில் இறந்ததாக நம்பப்பட்ட ஹெர்மையனியின் சிலை உயிர்பெறுவதையும் கரடி வருவதையும் ஒரே இணையாகப் படித்தார். மூன்றிலும் எனக்கு அதிகம் பயன்பட்டது கர்ரின் கட்டுரை. தோலுக்குள் ஆள் இருப்பது தெரிந்தும் கரடியை ஏற்றுக்கொண்ட பார்வையாளன்தான், பெண்ணொருத்தி அசையாமல் நிற்பது தெரிந்தும் சிலையை ஏற்றுக்கொள்வான்.

இயக்குநர்கள் ஆய்வாளர்களைவிடத் துணிச்சலானவர்கள். 2009-இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனிக்காக டேவிட் ஃபார் இயக்கியபோது லியாண்டிஸின் நூலகம் சரிந்து விழுந்தது, கிழிந்த புத்தகத் தாள்களால் ஆன பெரிய கரடி எழுந்து வந்தது. 2014-இல் ராயல் பாலே மேடையில் கிறிஸ்டோபர் வீல்டன் அமைத்த நடன வடிவத்தில் கரடி ஒரு பட்டுத் திரையில் அலைபோல் புரண்டு வந்தது. இரண்டும் அழகு. ஆனால் இரண்டும் சிரிப்பைத் தவிர்க்கிற வழிகள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சிரிப்பை முழுவதுமாக ஏற்கும் இடம் திறந்தவெளி அரங்கம்தான். லண்டன் ரீஜென்ட்ஸ் பார்க்கில் 1932 முதல் கோடையில் ஷேக்ஸ்பியர் நடக்கிறது. அதே பூங்காவில்தான் லண்டன் மிருகக்காட்சிசாலையும் இருக்கிறது. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் 1962-இல் திறந்த டெலகார்ட் அரங்கில் நாடகம் இலவசம். அரங்குக்குப் பெயர் தந்த ஜார்ஜ் டெலகார்ட்தான் அதே பூங்காவின் மிருகக்காட்சிசாலைக்கு ஒரு கடிகாரமும் கொடுத்தார். மணியடிக்கும்போது அதில் வெண்கல விலங்குகள் சுற்றி வரும். அவற்றில் ஒரு கரடி டாம்பரின் தட்டும். 1963-இலும் 2010-இலும் இந்த அரங்கில் 'தி வின்டர்ஸ் டேல்' நடந்தது. லண்டனில் மறுபடி கட்டப்பட்ட குளோப் தன் 1997 தொடக்கப் பருவத்திலேயே இந்த நாடகத்தை எடுத்துக்கொண்டது. அங்கே மாலையிலும் பார்வையாளர்மேல் வெளிச்சம் படுகிறது. பக்கத்தில் நிற்பவர் முகம் தெரிகிறது. அவர் சிரிப்பதும், இடையனின் மகன் பேசத் தொடங்கியதும் அந்தச் சிரிப்பு சட்டென்று நிற்பதும் தெரிகிறது. இருண்ட அரங்கில் தனித்தனியாக உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்த அனுபவம் கிடைக்காது.

ஆகவே இந்தக் காட்சியைப் போட எண்ணும் குழுக்களிடம் ஒரு வேண்டுகோள்: கரடியை நிழலாக்காதீர்கள், ஒலியாக்காதீர்கள், வெட்டிவிடவும் வேண்டாம். நல்ல நகைச்சுவை நடிகர் ஒருவருக்குத் தோலைப் போர்த்தி, முழு வெளிச்சத்தில் ஓடவிடுங்கள். வாசகர்கள் 'தி வின்டர்ஸ் டேல்' படிக்கும்போது 'ம்யூசிடோரஸ்' நாடகத்தின் 1610 பதிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.