பழமொழியும் நிகர்மொழியும்

ஒரு மொழியின் பழமொழிகளைப் பிறமொழியார்க்குக் கற்பிக்கப் புகுவார் பெரும்பாலும் கைக்கொள்ளும் முறை ஒன்றுண்டு. பழமொழியை இடப்பக்கத்தே எழுதி, அதற்கு நிகரென ஓர் ஆங்கிலப் பழமொழியை வலப்பக்கத்தே நிறுத்துவதே அது. தாய்லாந்து மொழி பயில்வார் கைந்நூல்களிலும் நம் பள்ளி இலக்கண நூல்களிலும் இம்முறையைக் காணலாம். விரைந்து பொருளுணர்த்த இஃது உதவும் என்பதில் ஐயமில்லை. ஆராய்ச்சிக்கு எத்துணைப் பயன்படும் என்பதே ஈண்டு வினா. சவ்வாது மலைக்குப் பழமொழி தொகுக்கச் சென்ற மாணவர்க்கு யாமே இத்தகைய அட்டவணை ஒன்றை வகுத்துக் கொடுத்தோம். ஆதலின் இவ்வாராய்ச்சியில் எம் பிழையும் அடங்கும்.

தமிழில் இம்முறைக்கு வழிகோலியவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொகுப்பாளரேயாவர். பெர்சிவல் பாதிரியார் 1874இல் வெளியிட்ட பதிப்பு ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்புடன் தந்தது. இலாசரஸ் 1894இல் பழமொழி அகராதி ஒன்றை ஆக்கினார். 1897இல் டென்மார்க்கு நாட்டவராகிய யென்சன் பொருள்வகையாற் பகுத்துத் தொகுத்தார். அவர்தம் உழைப்பு பெரிது. அந்நூல்கள் இல்லையேல் பல பழமொழிகள் நமக்கு எட்டியிரா. எனினும், சொல்லியவன் யார், யாரை நோக்கிச் சொன்னான், எந்நிலையிற் சொன்னான் என்னும் மூன்றும் அகராதி நிரலில் உதிர்ந்துபோதல் இயல்பே.

‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்பதை எடுத்துக்கொள்வோம். இதற்கு நிகராக, வெயில் காயும்போதே புல்லை உலர்த்துக என்னும் ஆங்கிலப் பழமொழி நெடுங்காலமாகக் காட்டப்பட்டு வருகின்றது. (அப்புல்லை வைக்கோல் என மொழிபெயர்ப்பாரும் உளர், வைக்கோல் கதிர் நீங்கிய தாளேயன்றி உலர்புல் அன்று.) தாய்மொழியார் இதே கருத்தை ‘நீர் ஏறுங்கால் விரைந்து முகந்துகொள்’ என்பர். வெயில், நீர், காற்று என மூன்று நாட்டார் மூன்று பொருளைக் கண்டனர். மழைக்கு அஞ்சிப் புல் அரியும் நாட்டில் வெயில் பெறற்கரிய பேறு. நம் நாட்டு உழவனுக்கு வெயில் அத்துணை அரிய வாய்ப்பாகத் தோன்றுவதில்லை.

வேறுபாடு இவ்வளவில் நில்லாது. நல்வெயில் சில நாள் நீடிக்கலாம். ஏறிய நீர் சில நாழிகை நிற்கலாம். களத்திற் காற்றோ சொல்லாமல் வந்து சொல்லாமல் ஓயும். தாய்ப் பழமொழி விரைவு என்னும் சொல்லை வெளிப்படக் கூற, தமிழ் அதனைக் கூறாது ‘போதே’ என்னும் ஏகாரத்துள் அடக்கிற்று. ‘கொள்’ என்னும் துணைவினை, செயலின் பயன் செய்வானையே சாரும் என்பதைக் காட்டும். பதவியிலிருப்பார் பொருள் தேடுதலை எள்ளுதற்கு இப்பழமொழி இன்று பெரிதும் வழங்குதற்கு இத்துணைவினையே இடந்தந்தது எனக் கருதுகின்றோம். ஆங்கிலத்தில் இவ்வெள்ளற்குறிப்புப் புலப்படவில்லை. மேலும், தூற்றலில் பதர் நீங்கி மணி நிற்கும். உலர்த்தலிலும் முகத்தலிலும் இங்ஙனம் பதரும் மணியும் பிரிதல் இல்லை.

பேசுவோன் இவற்றையெல்லாம் எண்ணியா பேசுகின்றான் என ஒருவர் தடுக்கலாம். களத்தையே காணாத நகரத்தானுக்கு அத்தடை பொருந்தும். மழையை நம்பிச் சாமை விதைக்கும் மலையாளிகளிடத்து அஃது எங்ஙனம் பொருந்தும்? காற்றை எதிர்நோக்கித் தூற்றுதலும், காற்றின்றி முறத்தாற் புடைத்தலும் வேறு வேறு தொழில்கள் என அவர்க்கு ஒருவர் கூறவேண்டுவதில்லை. அவர்தம் மக்களே சமுனாமரத்தூர்ப் பக்கத்துப் பள்ளியில் இப்பழமொழியின் ‘பொருள்’ என ஆங்கில உலர்புல்லை மனப்பாடம் செய்வாராயின், தெரிந்ததைத் தெரியாததால் விளக்கும் வேடிக்கையாக முடியும்.

பொருந்தும் இணைகள் இல்லாமலில்லை. ‘காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு’ என்பதற்கு ஆங்கிலத்தும் காக்கையே வருகின்றது. ஆயின் ‘மலையைக் கெல்லி எலியைப் பிடித்தது போல’ என்பதை, யானைமீதேறி வெட்டுக்கிளி பிடித்தல் என்னும் தாய்ப் பழமொழியோடு இணைக்குங்கால் தடுமாற்றம் நேர்கின்றது. அது கருவியின் பொருந்தாமையைப் பழிக்க, நம்முடையது பயனின் சிறுமையை நோக்கி வருந்துகின்றது. யானைமீது சென்றவன் களைப்பதில்லை. மலையைக் கெல்லியவன் கை ஓய்ந்தவன்.

தொல்காப்பியனார் முதுமொழிக்கு இலக்கணம் கூறுங்கால் நுண்மை, சுருக்கம் முதலியவற்றோடு அமையாது, குறித்த பொருளை முடித்தற்கு ஏதுவாக வருதலையும் சேர்த்தனர். முன்னே ஒரு பொருள் குறிக்கப்பட்டாலன்றி முதுமொழிக்கு அங்கு வேலையில்லை என்பது இதனாற் பெறப்படும். முன்றுறையரையனாரும் நானூறு பாட்டிலும் நிலைமையை முன்னே அமைத்துப் பழமொழியைப் பெரும்பாலும் இறுதியிலேயே வைத்தனர். நம் அட்டவணையில் இல்லாதது அந்த முற்பகுதியே.

எனவே யாம் வகுத்த படிவத்தில் ‘ஆங்கில நிகர்’ என்னும் நிரலை நீக்கி, அவ்விடத்தே ‘எப்பொழுது, யார், யாரிடம் கூறியது’ என்பதை இட்டுள்ளோம். பழமொழிக்கு முன் நிகழ்ந்த பேச்சினைப் பேசியவாறே எழுதுதற்கு மறுபக்கம் முழுதும் விடப்பட்டுள்ளது.