மஞ்சளுக்குக் கீழே ஒரு அம்பு

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்துக் காயலான் கடையில்தான் அவனைப் பார்த்தேன். சிரிக்காதீங்க, வண்டியை நான் ‘அவன்’னுதான் சொல்வேன். நாலு சக்கரமும் மண்ணில் புதைஞ்சு, சீட் இருந்த இடத்தில் எருக்கஞ்செடி முளைச்சு, பானட் மேலே ஓர் ஆட்டுக்குட்டி படுத்துத் தூங்க, நின்னுட்டிருந்தான் ஒரு ஜோங்கா! நிசான் பேட்ரோலுக்கு உரிமம் வாங்கி, ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலை 1969 முதல் 1999 வரை நம்ம ராணுவத்துக்காகச் செஞ்சு தள்ளின அதே ஜோங்கா. ‘ஜபல்பூர் ஆர்ட்னன்ஸ் அண்ட் கன்கேரேஜ் அசெம்ப்ளி’ங்கிற ரயில்வண்டிப் பேரைச் சுருக்கினதுதான் அந்தப் பேர். கடைக்காரர் இரும்பு எடைக்கு ஒரு விலை சொன்னார். பேரம் பேசணும்னே எனக்குத் தோணலை.

“ஏமாந்துட்டீங்க சார், இது மிலிட்டரி வண்டியே இல்ல”ன்னார் மெக்கானிக் அண்ணன். பட்டாளத்து ஜோங்காவுக்கு பெட்ரோல் இன்ஜின்; தொண்ணூறுகளின் கடைசியில் பொதுமக்களுக்குன்னு டீசல் ஜோங்காவும் வித்தாங்க. இவன் வயித்திலும் ஒரு டீசல் இன்ஜின் கிடந்தது. ஆனா அது யாரோ வெட்டி ஒட்டி மாட்டினது மாதிரி எனக்குப் பட்டது. பட்டதுன்னு சொன்னா யார் நம்புவா?

இப்போ நினைச்சுப் பாருங்க. ராத்திரி பத்து மணி, ஷெட்டில் ஒத்தை டியூப்லைட், கொசு பிடுங்குது, கையில் தண்ணியில் நனைச்ச உப்புத்தாள், பின்பக்கத் தகட்டைத் தேய்க்கிறேன், குவாரிக்காரங்க அடிச்ச மஞ்சள் கரைஞ்சு ஓடுது, அதுக்குக் கீழே ஆகாச நீலம், அதுக்கும் கீழே மங்கின வெள்ளை, தோள்பட்டை கழண்டு விழற மாதிரி வலி, போதும்னு எழுந்திருக்கப் போறேன், அப்போ தெரிஞ்சது பாருங்க பச்சை, அந்தப் பட்டாளத்துப் பச்சை, பச்சைக்கு நடுவில் வெள்ளையா ஒரு கூர்முனை, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு விரல் நுனியால மெதுவாத் தேய்க்கத் தேய்க்க வானத்தைப் பார்த்து நிக்குது ஒரு அம்பு, பக்கத்துல 8, அதுக்குப் பக்கத்துல 1! ஊளையிட்டேன் சார். தெரு நாயெல்லாம் பதிலுக்கு ஊளையிட்டுது, வீட்டம்மா பாம்புதான் கடிச்சிடுச்சுன்னு விளக்குமாத்தோட ஓடி வந்தாங்க.

மறுநாள் ஆவடியிலிருந்து ஓய்வுபெற்ற ஹவில்தார் ஐயா ஒருத்தரைக் கெஞ்சிக் கூட்டி வந்தேன். விஜயந்தா டாங்கியை 1965லேயே பெத்துக் கொடுத்த ஊர்க்காரர், சும்மாவா! அம்பு வெள்ளைக்காரன் காலத்து அரசாங்க முத்திரை, அடுத்த ரெண்டு எண் படையில் சேர்ந்த வருஷம்னு படிச்சுக் காட்டினார். 1981! பொதுமக்களுக்கு டீசல் ஜோங்கா வர்றதுக்கு எத்தனையோ வருஷம் முன்னாடி! மெக்கானிக் அண்ணன் வாயே திறக்கலை. தரைத்தகட்டில் பட்டி வெச்சு அடைச்ச நாலு ஓட்டையைத் தடவிப் பார்த்துட்டு, “ஏதோ கனமாப் பூட்டியிருக்காங்க”ன்னார் ஐயா. ஜோங்காவில் வயர்லெஸ்ஸும் ஏத்துவாங்க, 106 மில்லிமீட்டர் பீரங்கியும் ஏத்துவாங்க. எதுன்னு அவர் சொல்லலை. பீரங்கின்னு நானே முடிவு பண்ணிட்டேன்.

அப்புறம் மூணு மாசம் புதுப்பேட்டைச் சந்துகளில் அலைஞ்சு அந்த ஆறு சிலிண்டர், 3956 சிசி பெட்ரோல் இன்ஜினைத் தேடிப் பிடிச்சோம். லிட்டருக்கு அஞ்சு கிலோமீட்டர் கொடுத்தா அதிகம். போகட்டும், யானை கட்டினவன் கரும்புக் கணக்கா பார்ப்பான்? பச்சை மட்டும் அடிக்க முடியலை. ராணுவ வண்டி தவிர வேற எதுக்கும் அந்த ஆலிவ் பச்சை கூடாதுன்னு மோட்டார் வாகன விதியே இருக்கு. அதனால மணல் நிறம். அந்த உள்ளங்கை அளவு பச்சையை மட்டும் வார்னிஷ் பூசி, ஸ்டெப்னிக்குப் பின்னால ஒளிச்சு வெச்சிருக்கேன்.

போன ஞாயித்துக்கிழமை பொன்னேரி வழியா பழவேற்காடு. நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுத்து மணலில் இறக்கினேன், குழந்தை தவழற மாதிரி உறுமிக்கிட்டே போனான். மீன்கூடையோட நின்ன அக்கா கேட்டாங்க, “மிலிட்டரியா?”

என்சிசி துப்பாக்கியைக்கூடத் தொட்டதில்லை நான். நெஞ்சை நிமிர்த்தி, “ஆமாக்கா”ன்னேன்.

வண்டியைத்தான் கேட்டாங்க.