பாயில் அட்டவணையின் கடைசி நிரல்

பாயில் விதியை நம்மில் பலர் படித்தது ஒரே வரியாகத்தான்: வெப்பநிலை மாறாதபோது வாயுவின் அழுத்தமும் பருமனும் எதிர்விகிதத்தில் இருக்கும். பக்கத்திலேயே வழவழன்னு இறங்கும் ஒரு வளைகோடு. 1662-ல் ராபர்ட் பாயில் அச்சிட்ட அட்டவணையில் அந்த வழவழப்பு கிடையாது. அதுதான் அதன் மதிப்பு என்பேன்.

சோதனை எளிது. வளைந்த கண்ணாடிக் குழாய். மூடிய குட்டைப் பக்கத்தில் கொஞ்சம் காற்று. நெட்டைப் பக்கத்தில் பாதரசம் ஊற்ற ஊற்ற அந்தக் காற்று அமுங்கும். காற்று 48 பங்கு இடத்தில் இருந்தபோது அழுத்தம் 29 1/8 அங்குலப் பாதரசம். 24 பங்கானபோது அளந்தது 58 13/16. கருதுகோள்படி வரவேண்டியது 58 1/4. 12 பங்கானபோது அளந்தது 117 9/16. வரவேண்டியது 116 1/2. இரண்டையும் பக்கத்துப் பக்கத்து நிரல்களில் போட்டார் பாயில். கருதுகோளில் ரிச்சர்ட் டவுன்லிக்கு உள்ள பங்கையும் மறைக்கவில்லை.

அதுக்காக அவரைச் சும்மா விட்டுவிட முடியாது. வித்தியாசத்துக்கு அளவீட்டின் துல்லியக் குறைவைக் காரணம் சொல்கிறார். அப்படியானால் கூடவும் குறையவும் கலந்து வரணுமே? ஏறக்குறைய எல்லா வரிகளிலும் அளந்த எண்தான் பெரிசு. கடைசி நிரல் முழுக்க அந்த முதல் 29 1/8-ஐ நம்பி நிற்கிறது. அது கால் அங்குலம் குறைவாகப் பதிவாகியிருந்தது என்று வைத்துக் கணக்குப் போட்டேன்: 12 பங்கில் இருந்த ஓர் அங்குலச் சொச்ச வித்தியாசம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. இதுதான் காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

வெப்பநிலை விஷயமும் அப்படித்தான். குழாயில் ஈரத்துணி சுற்றியும் மெழுகுவத்திச் சுடர் காட்டியும் பார்த்தார். எண்ணாக எதுவும் தரவில்லை. வெப்பநிலைக்கும் பருமனுக்கும் உள்ள உறவை கே-லுசாக் வெளியிட்டது 1802-ல். நாம் ஒரே மூச்சில் ஒப்பிக்கும் 'வெப்பநிலை மாறாதபோது' என்பதற்குப் பின்னால் இத்தனை காலம் இருக்கிறது.

நமக்கு ஏன் இது? விடையை முதலில் தெரிந்துகொண்டு, அதற்கேற்ப ரீடிங்கை 'அட்ஜஸ்ட்' பண்ணி ரெக்கார்டு நோட்டை நிரப்பும் பழக்கம் நம் ஆய்வகங்களில் புதுசு இல்லை. வளைகோட்டை மட்டும் காட்டும் பாடம் அதற்குத் துணைபோகிறது. பாயிலின் அட்டவணையிலிருந்து ஐந்து வரியை அப்படியே அச்சிட்டு, 'ஏன் பொருந்தவில்லை?' என்று மாணவரிடம் கேட்டாலே போதும்.