கூண்டு எச்சமும் காட்டு எச்சமும்

அண்மையில் பிரிக்பீல்ட்ஸில் ஆசிரியர் சிலர் கூடியிருந்தபோது பாண்டாவைப் பற்றிப் பேச்சு எழுந்தது. 2014 முதல் 2025 வரை உலு கிள்ளானில் உள்ள தேசிய விலங்குக்காட்சிச் சாலையில் இருந்த சீனத்துப் பாண்டாக்களை நம் மாணவர் பலர் கண்டிருப்பர். “மூங்கிலையே தின்னும் அதன் குடலில் மூங்கிலைச் செரிக்கும் கிருமிகள் இல்லையாம், எச்சத்தை ஆராய்ந்து முடிவுகட்டிவிட்டார்கள்” என்றார் நண்பர் ஒருவர். அவர் கூற்றில் இரண்டு சொற்கள் என் மனத்தை உறுத்தின. ஒன்று ‘கிருமி’, மற்றொன்று ‘முடிவு’.

கிருமி என்றதும் தமிழ்ச் செவிக்கு நோயே நினைவுக்கு வரும். ஆயின் புல்லிலும் இலையிலும் உள்ள நார்ப்பொருளைப் பசு தானே செரித்துக்கொள்வதில்லை. அதன் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்களே அதனைப் புளிக்கவைத்து, பசுவின் உடல் ஏற்கத்தக்க உணவாக்குகின்றன. யானைக்கும் குதிரைக்கும் இவ்வேலை பெருங்குடற் பகுதியில் நடைபெறுகிறது. சமைத்துப் போடுபவரை நோயென்று ஏசலாமா? வகுப்பில் நுண்ணுயிர் என்றே வழங்குவோம்.

இனி, முடிவு என்பதை நோக்குவோம். 2008-இல் 60 வகைப் பாலூட்டிகளின் எச்சங்களை ஒப்பிட்ட ஆராய்ச்சி ஒன்று வெளிவந்தது. ஊனுண்ணிகளிடம் நுண்ணுயிர் வகைகள் குறைவு; எல்லாம் உண்பனவற்றிடம் அதனினும் மிகுதி; தழையுண்ணிகளிடம் மிக மிகுதி என்று அது காட்டியது. மூங்கிலுண்ணும் பாண்டாவோ ஊனுண்ணிகளின் பக்கமே நின்றது. அரிய முயற்சிதான். ஆனால் அந்த எச்சங்களில் பெரும்பகுதி காட்சிச்சாலைகளில் எடுக்கப்பட்டது.

2011-இல் சீன அறிஞர் காட்டுப் பாண்டா ஏழையும் வளர்ப்புப் பாண்டா எட்டையும் ஆராய்ந்து, நார்ப்பொருளைச் சிதைக்கவல்ல நுண்ணுயிர்களுக்குச் சான்று கண்டனர். 2015-இல் வேறு சிலர் 45 பாண்டாக்களின் எச்சத்தை ஆராய்ந்து, அத்தகையவை மிகக் குறைவு என்றனர். நண்பர் படித்தது இரண்டாவதாக இருக்கலாம். எண்ணிக்கையில் அது பெரிது. ஆனால் அந்த 45-உம் செங்டு நகர்ப் பண்ணையில் வளர்ந்தவை.

பாண்டாவின் குடல் ஊனுண்ணியின் குடலைப்போல் குறுகியது என்பதில் ஐயமில்லை. உண்ட மூங்கிலில் ஐந்தில் ஒரு பங்குகூட அதற்குச் செரிப்பதில்லை என்பதும் உண்மை. ஆகவே 2015-ஆம் ஆண்டு ஆராய்ச்சியைப் பிழையென்று தள்ளுவதற்கில்லை. நான் மறுப்பது வேறு: வளர்ப்பு விலங்கிற் கண்டதை அவ்வினம் முழுமைக்கும் ஏற்றிச் சொல்வதை.

அவ்வாறு ஏற்றக்கூடாது என்பதற்கு 2016-இல் வெளிவந்த குரங்காராய்ச்சி தக்க சான்று. இலையுண்ணும் குரங்குவகை இரண்டைக் காட்டிலும் காட்சிச்சாலையிலும் ஒப்பிட்டனர். கூண்டிலிருந்தவை தம் இயற்கையான நுண்ணுயிர்களுள் பலவற்றை இழந்து, மனிதக் குடலில் மிகுந்து காணப்படும் வகைகளைப் பெற்றிருந்தன. காட்டில் பலவகைத் தழை தின்ற வயிறு கூண்டில் சிலவகை உணவோடு நின்றுவிடுகிறது; நார்ச்சத்தும் குறைகிறது. அங்கு மருந்தும் உண்டு. மனிதர் நெருக்கமும் உண்டு. எச்சம் என்றால் எஞ்சி நிற்பது. கூண்டில் எஞ்சுவது விலங்கின் இயல்பு மட்டுமன்று, கூண்டின் இயல்புந்தான்.

தமிழாசிரியர்க்கு இது புதிய பாடமன்று. 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர் ஓரேட்டை மட்டும் நம்பி அமையவில்லை. ஊர் ஊராக ஏடு தேடி, ஒப்புநோக்கிப் பாடங் கண்டார். ஏடெழுதியவன் கைப்பிழையும் ஏட்டில் ஏறிவிடும் என்பதை அவர் அறிவார். வளர்ப்பு விலங்கின் எச்சமும் அத்தகைய ஏடே. காட்டு ஏட்டோடு ஒப்புநோக்காமல் அதன் பாடத்தை மூலபாடம் என்று கொள்ளலாகாது.

ஆகவே இத்தகைய செய்தியை வகுப்பிற்குக் கொண்டுசெல்லுமுன் மூன்று கேள்விகள் கேட்போம்: எத்தனை விலங்குகள்? எங்கு வாழ்ந்தவை? என்ன தின்றவை? ஒரு பரீட்சைத்தாளைக் கொண்டு தோட்டத்துப் பிள்ளையை அளந்துவிடாதே என்று ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குச் சொன்னார்கள். முப்பதாண்டுப் பணியில் அதை மறந்து நான் தவறியதும் உண்டு. ‘மந்தம்’ என்று நான் ஒதுக்கிய பிள்ளை விடியுமுன் பால்வெட்டுக்குத் துணைபோய் வந்தவன் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். வாயில்லா விலங்கிற்கும் அந்த நீதி வேண்டும்.