முழுப்பேரும் அரைப்பேரும்

ஆடை அலங்காரக் கண்காட்சி என்றதும் முகஞ் சுளித்து அப்பாற் செல்வது முற்போக்கு எண்ணம் படைத்தோரிற் பலருக்கு வழக்கமாகிவிட்டது. அது பணம் படைத்தோரின் பொழுதுபோக்கு, விளம்பரக்காரரின் வித்தை, அங்கே விமர்சனத்துக்கு என்ன வேலை என்று அவர்கள் கேட்கின்றனர். இக்கேள்வியில் ஓரளவு நியாயம் உண்டு. எனினும், துணியை நெய்வோரும் தைப்போரும் உழைக்கும் மக்களாக இருக்க, துணியின் அழகைப் பற்றிப் பேசும் உரிமையை மட்டும் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது எவ்வகையில் முற்போக்காகும்?

நம் நாட்டு இடதுசாரி இயக்கத்தின் தொடக்க வரலாற்றிலேயே துணிக்கு இடமுண்டு. 1935இல் லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவியோர் தொழிலாளரிடையே காலூன்றிய முதற் களங்களுள் ஒன்று, 1933ஆம் ஆண்டின் வெள்ளவத்தை நூற்பு நெசவாலை வேலைநிறுத்தம். அக்கட்சியின் தலைவருள் ஒருவரான என். எம். பெரேராவையே நமது யட்டியாந்தோட்டைத் தொகுதி 1960 முதல் 1977 வரை பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. துணியைப் பற்றிய பேச்சு நமக்கு அந்நியமானதன்று.

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலே ஆடை வடிவமைப்பு ஒரு பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது. அம்மாணவர் தம் படைப்புகளை அரங்கேற்றும் காட்சி ‘மோட்’ என்னும் பெயரால் அறியப்படுகிறது. 2003இல் தொடங்கிய கொழும்பு பெஷன் வீக்கும் புதிதாக வளர்ந்துவரும் வடிவமைப்பாளருக்கு மேடை தருகிறது. பத்திரிகைகள் இவற்றின் படங்களை வெளியிடுகின்றன. படங்களுக்குக் கீழே புகழுரைகளையும் வெளியிடுகின்றன. விமர்சனத்தைத்தான் காணோம். ஒரு சிறுகதையை எடைபோடுவதற்கு நாம் கைக்கொள்ளும் அளவுகோல்களை ஓர் உடுப்புக்கும் கைக்கொண்டு பார்ப்போம்.

முதலில் வரவேற்கவேண்டியதை வரவேற்பது முறை. 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கை, 1978இல் உருவான கட்டுநாயக்கா வர்த்தக வலயம், 1992இல் தொடங்கிய இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் ஆகியன இந்நாட்டை உலகின் தையலறைகளுள் ஒன்றாக்கின. மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர், பெரும்பாலும் பெண்கள், இத்தொழிலில் ஈடுபட்டுள்ளனர். ஆண்டுக்கு ஏறத்தாழ 500 கோடி டொலர் பெறுமதியான ஆடைகள் கப்பலேறுகின்றன. ஆனால், வடிவம் பெரும்பாலும் வெளிநாட்டில் தீர்மானிக்கப்படுகிறது. இலாபத்தின் பெரும்பங்கும் அங்கேயே தங்குகிறது. ஊசியும் கைகளுமே நம்முடையவை. இந்நிலையிலே, இலவசக் கல்வியால் வளர்ந்த ஓர் இளைஞனோ யுவதியோ, ‘பிறர் வரைந்ததைத் தைப்பதற்கு மட்டும் பிறந்தவர்களல்லர் நாம், நாமும் வரைவோம்’ என்று எழுந்து நிற்பது சிறிய காரியமன்று.

இன்னுமொன்றையும் கூறவேண்டும். வரைவது ஒருவர், வெட்டுவது ஒருவர், கைப்பகுதியை மட்டும் நாள் முழுதும் தைப்பது வேறொருவர் என்று தொழிற்சாலை மனிதரைப் பிரித்துவிடுகிறது. மாணவப் பருவத்திலோ சிந்திக்கும் தலையும் தைக்கும் கையும் ஒருவரிடமே கூடியிருக்க இடமுண்டு. தான் எண்ணியதைத் தானே வெட்டி, தவறிய தையலைத் தானே பிரித்து, மீண்டும் தைத்து அறியும் அந்தக் கூட்டு அனுபவம், பட்டம் பெற்றுத் தொழிலுக்குச் சென்றபின் பலருக்கு வாய்ப்பதில்லை. மாணவர் கண்காட்சியின் உண்மையான பெறுமதி இதுவே.

கண்காட்சி என்னும் வடிவம் மறைப்பதும் இதையேதான். விளக்கொளி, இசை, நடைமேடையில் முகபாவம் காட்டாது நடந்துவரும் உருவங்கள், இறுதியில் தோன்றித் தலைவணங்கும் வடிவமைப்பாளர். இந்த அமைப்பிலே உடுப்பு உழைப்பின் விளைவாகத் தோன்றுவதில்லை. ஒருவரது மேதையிலிருந்து உதித்து ஒளிக்குள் இறங்கி வந்ததுபோல் தோன்றுகிறது. நெய்தது யார், சாயமிட்டது யார், இரவிரவாகக் கண்விழித்துப் பொத்தான் வைத்தது யார் என்று அறிவிப்பாளர் கூறுவது வழக்கமில்லை.

நமது தோட்டங்களிலே ‘பேர்’ என்னும் சொல்லுக்கு ஒரு தனிப்பொருள் உண்டு. செக்ரோலில் ஒருநாள் வேலை பதியப்படுவதே பேர். கொழுந்தோ இறப்பர்ப் பாலோ குறித்த அளவுக்கு நிறுவையில் நின்றால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். மனிதரின் பெயரையே நாட்கூலியின் அளவாக்கிய கொடுமை அச்சொல்லில் உறைந்து கிடக்கிறது. அந்தக் கணக்கிற் பார்த்தால், நடைமேடையில் வடிவமைப்பாளருக்கு முழுப்பேர் கிடைக்கிறது. தைத்தவளுக்கு அரைப்பேரும் இல்லை. 2013 ஏப்பிரல் 24இல் வங்காளதேசத்தின் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1100க்கு மேற்பட்ட தொழிலாளர் மாண்டபோது, அவர்கள் எந்தெந்த நிறுவனங்களுக்காகத் தைத்தனர் என்பதை நிறுவுவதற்கு இடிபாடுகளிடையே சட்டைகளின் பெயர்ப்பட்டிகளைத் தேடவேண்டியிருந்தது. நிறுவனத்தின் பெயர் துணியிலே பத்திரமாக இருந்தது. அதைத் தைத்துப் பொருத்தியவளின் பெயரைத் துணி சொல்லவில்லை.

தமிழ் மரபு இவ்வகையிற் குருடாக இருக்கவில்லை. நூல் என்றால் என்ன என்று விளக்கப் புகுந்த பவணந்தி முனிவர், நன்னூற் பாயிரத்திலே சொல்லைப் பஞ்சாக்கி, செய்யுளை இழையாக்கி, புலவனை நூல் நூற்கும் பெண்ணாக உருவகித்தார். புலமையை விளக்குவதற்கு அவருக்கு உதவியது ஒரு பெண்ணின் கைத்தொழில். இழைக்கும் ஏட்டுக்கும் ‘நூல்’ என்ற ஒரே சொல்லை வழங்கும் மொழியிலே, ஏட்டை எழுதியவருக்குப் பெயரும் இழையை நூற்றவளுக்கு மறதியும் எனப் பிரித்து வழங்குவது எங்ஙனம் பொருந்தும்?

‘எங்கள் இளைஞர் மேனாட்டைப் பின்பற்றுகின்றனர், சுதேச மரபுக்குத் திரும்பினாற் குறை தீரும்’ என்பாரும் உளர். ஆனந்த குமாரசுவாமி 1905இலேயே மேனாட்டு உடை மோகத்தைச் சாடி ‘இரவற் சிறகுகள்’ என்ற பொருள்படும் தலைப்பிற் கண்டியில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அன்று அந்தக் குரல் தேவையாயிருந்தது. இன்று பிரச்சினை அவ்வளவோடு நிற்கவில்லை. பத்திக்கும் கைத்தறியும் மேடையேறிய பின்னரும் நெசவாளி பெயரற்றவளாக இருக்கலாம். மரபு என்பதே விலையை ஏற்றும் முத்திரையாகிவிடலாம். துணி கிழக்கினதா மேற்கினதா என்பதைக் காட்டிலும், அதைச் செய்தவருக்கு அதில் என்ன பங்கு என்பதே முதன்மையான கேள்வி. 1991இற் குருநாகல் மாவட்டத்தின் கிராமப் பெண்களைக் கொண்டு தொடங்கி, நியாய வர்த்தக நெறியை ஏற்று நடக்கும் செலின் கைத்தறி நிறுவனம் போன்ற முயற்சிகள், இக்கேள்வியைக் கேட்டுக்கொண்டே வியாபாரமும் நடத்த முடியும் என்பதைக் காட்டுகின்றன.

அழகைப் பற்றியும் ஒரு வார்த்தை. களனிப் பள்ளத்தாக்கின் தோட்டங்களுக்கு வந்து பாருங்கள். பனியும் செடியின் கிளைகளும் கிழிக்காதிருக்க இடுப்பிற் சுற்றிய படங்கு. மழைக்குத் தலையிற் கவிழ்த்த கொங்காணி. கூடைக்கயிறு நெற்றியை அறுக்காதிருக்க மடித்து வைத்த துணி. இவற்றை எந்தக் கல்லூரியும் கற்பிக்கவில்லை. தேவையே ஆசானாக, பெயரறியாப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டுபிடித்த வடிவங்கள் இவை. சுற்றுலா விளம்பரத்திற் சிரிக்கும் பெண்ணின் பளபளக்கும் சேலையில் இவற்றைக் காணமுடியாது. ஆயினும், இவற்றை வியந்து பாடுவதும் ஏமாற்றே. சாக்கு நனைந்தாற் கனக்கிறது, உடம்பு வேகிறது, அட்டை ஏறுகிறது. இறப்பர்ப் பால் பட்ட கறை எந்தச் சவர்க்காரத்துக்கும் அசைவதில்லை. வடிவமைப்பாளரின் கற்பனைக்கு இதைவிடக் கடுமையான, இதைவிடப் பெறுமதியான பரீட்சை எது?

இத்தகைய பரீட்சையை நாடிச் சென்றோர் உண்டு. 1923-24 காலத்தில் ஓவியர்களான லியுபோவ் பொப்போவாவும் வர்வாரா ஸ்தெப்பானோவாவும் மாஸ்கோவின் முதலாவது அரசு துணி அச்சாலைக்குச் சென்று, நாளாந்த உடைக்கான துணிகளுக்கு வடிவங்கள் வரைந்தனர். செய்யும் வேலையின் தேவையிலிருந்தே உடுப்பின் வடிவம் பிறக்கவேண்டும் என்று ஸ்தெப்பானோவா வாதிட்டார். அம்முயற்சி நெடுநாள் நீடிக்கவில்லை. ஆனால், வேலையுடுப்பும் கலையின் பொருளே என்ற உண்மையை அது நிலைநாட்டியது.

எனவே, இளம் வடிவமைப்பாளரிடம் நாம் வேண்டுவன இவை. காட்சியிலே வடிவமைப்பாளரின் பெயரோடு நெய்தவர், சாயமிட்டவர், தைத்தவர் பெயர்களும், சென்ற மணித்தியாலங்களும் கொடுத்த கூலியும் அறிவிக்கப்படட்டும். ஒவ்வோராண்டும் ஒரு தொகுதியாவது கொழுந்து பறிப்பவளுக்கும் பால் வெட்டுபவனுக்குமான உடுப்பாக அமையட்டும். 2021இல் 1000 ரூபாயாகவும் 2024 செப்டெம்பரில் 1350 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளத்தை வாங்குபவர் வாங்கக்கூடிய விலையில் அது இருக்கவேண்டும். அணிந்து வேலைசெய்து பார்த்தவரே அதன் முதல் விமர்சகராக இருக்கவேண்டும்.

ஆசிரியராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. பட்டப்படிப்பொன்று இத்துறைக்கு உண்டு என்பதை அறியாமலே, கணக்குக் கொப்பியின் பின்பக்கத்திற் சட்டைகளை வரைந்து தள்ளும் மாணவியர் தோட்டப் பாடசாலைகளிற் படித்து வெளியேறுகின்றனர். அவர்களிற் பலர் ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்கின்றனர். பிறர் வரைந்ததைத் தைக்கின்றனர். அந்தப் படிப்புக்குத் தெரிவாக உளச்சார்புப் பரீட்சை உண்டு, அதற்கு ஆங்கிலமும் வரைதற் பயிற்சியும் துணைசெய்யும் என்பதைப் பத்தாம் வகுப்பிலேயே அவர்களுக்குச் சொல்வது நம்மால் இயலும் காரியம். கொப்பியின் பின்பக்கத்தைக் கண்டு கோபிப்பதற்கு முன், அதை ஒருமுறை ஊன்றிப் பார்ப்போமாக.