கரையில் நின்ற பெண்

வெயிலும் மணலும் நிறைந்த தீவுகளைப் பற்றி மேனாட்டுக் கதைகள் எத்தனையோ வந்துவிட்டன. பெரும்பாலானவற்றில் ஹோட்டல் இருக்கும். கடல் குளியல் இருக்கும். பொழுது போகாத சீமாட்டிகள் இருப்பார்கள். ஊர்க்காரன் மட்டும் தட்டை ஏந்தி வருவான், போவான்.

அகாதா கிறிஸ்டியின் 'தி கம்பானியன்' என்ற கதையைச் சமீபத்தில் மறுபடி படித்தேன். 1932-இல் வெளிவந்த தொகுதியில் இருக்கிறது. 1927-இல் மகளுடன் கானரித் தீவுகளுக்குப் போய்த் தங்கியவர் அவர். கதை அங்கே, கிரான் கனாரியாவில் நடக்கிறது. இரண்டு ஆங்கிலேயப் பெண்கள் கடலில் குளிக்கிறார்கள். ஒருத்தி மூழ்கிச் சாகிறாள். மற்றவள் காப்பாற்றப் பார்த்தாள் என்றே எல்லோரும் நம்புகிறார்கள். அங்கிருந்த ஸ்பானிஷ் பெண் ஒருத்தி மட்டும், காப்பாற்றப் போனவளே தலையைத் தண்ணீருக்குள் அமுக்கினாள் என்கிறாள். கதை சொல்லும் டாக்டர் அதைப் பொருட்படுத்தவில்லை.

முடிவைச் சொல்லிக் கதையைக் கெடுக்கமாட்டேன். விடுமுறைக்கு வந்த இடத்தில் யாருக்கும் யாரையும் தெரியாது. ஹோட்டல் புத்தகத்தில் எழுதிய பெயர்தான் ஆள். இந்தச் சின்ன உண்மையின்மேல் கதையைக் கட்டியிருக்கிறாரே, அது பெரிய சாமர்த்தியம். ஆனால் அந்த ஸ்பானிஷ் பெண்? கண்ணால் கண்டவள் அவள். சில வரிகளோடு அவளை அனுப்பிவிடுகிறார். அவள் கண்டதை உண்மையென்று ஒப்புக்கொள்ள, இங்கிலாந்துக் கிராமத்துக் கிழவி மிஸ் மார்பிள் வரவேண்டியிருக்கிறது. எனக்கு உறுத்துவது இதுதான்.

அதே தீவுக் கூட்டத்தில் லான்சரோட்டே என்று ஒன்று உண்டு. 1730-இல் அங்கே பூமி பிளந்து, 1736 வரை நெருப்பைக் கக்கியது. தீவில் ஏறக்குறைய கால் பங்கு லாவாவில் மூடிப்போயிற்று. யாய்சா ஊர்ப் பாதிரியார் தேதி போட்டுக் குறிப்பு எழுதினார்: எந்த ஊர் அழிந்தது, மாடுகள் எங்கே விழுந்து செத்தன என்று. அவர் கதாசிரியர் அல்லர். ஆனாலும் அங்கே மனிதர் இருக்கிறார்கள். பிறகு அவர்களே சாம்பலில் குழி தோண்டித் திராட்சைக் கொடி நட்டார்கள். காற்றைத் தடுக்க அரைவட்டமாகக் கல் அடுக்கினார்கள். ஈரத்தைக் காத்துக் கொடுப்பது அந்தச் சாம்பல்தான். இதைவிட நல்ல கதை எந்த ஹோட்டலில் கிடைக்கும்?

விருந்தாளியின் கற்பனைக்குத் தக்கபடி தீவையே மாற்றியதும் உண்டு. எரிமலைத் தீவின் மணல் பெரும்பாலும் கறுப்பு. டெனரீஃபில் 1970-களில் சஹாராவிலிருந்து பொன்னிற மணலைக் கப்பலில் கொண்டுவந்து ஒரு கடற்கரையில் கொட்டினார்கள். 2024 ஏப்ரலில் அத்தீவுகளின் மக்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்து, சுற்றுலாவுக்கு வரம்பு வேண்டும், குடியிருக்க வீடு கிடைக்கவில்லை என்று முறையிட்டார்கள்.

கிறிஸ்டியின் கதையை அவசியம் படியுங்கள், விறுவிறுப்புக்குக் குறைவில்லை. படிக்கும்போது அந்த ஸ்பானிஷ் பெண் பேசுகிற இடத்தில் மட்டும் சற்று நின்று படியுங்கள்.