சூப்பில் துப்பியவர்கள்

2006 கடைசியில் பெரியப்பாவுக்குக் குடலில் கட்டி என்று தெரிந்தது. நான் அப்போது கல்லூரி இரண்டாம் வருஷம். பார்க்கப் போனவர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போனார்கள். நான் ஒரு புத்தகம் வாங்கிக்கொண்டு போனேன். லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங், சாலி ஜென்கின்ஸ் என்கிற பத்திரிகையாளரின் துணையோடு எழுதி 2000-ல் வெளிவந்த 'இட்ஸ் நாட் அபௌட் த பைக்'. நுரையீரல், மூளை வரைக்கும் பரவிவிட்ட புற்றுநோயிலிருந்து எழுந்து வந்து டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை ஜெயித்தவனின் கதை. அந்த மஞ்சள் ரப்பர் பட்டை ஒன்று என் கையிலும் இருந்தது. ஒரிஜினல் இல்லை, பிளாட்பாரத்தில் பத்து ரூபாய்.

பெரியப்பா முப்பது வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாக இருந்தவர். யாரோ ஒருத்தருடைய ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் எண்ணிக்கொண்டே வாழ்க்கையைக் கழித்த மனுஷன். இரண்டு கீமோவுக்கு நடுவில் புத்தகத்தை முடித்துவிட்டார். "நல்லாத்தான் எழுதியிருக்கான். ஆனா ஒண்ணு பாரு. நோயில படுத்திருந்தப்ப ரத்தத்துல என்ன இருந்துச்சு, எவ்வளவு இருந்துச்சுன்னு பக்கம் பக்கமாச் சொல்றான். ஜெயிச்சப்ப என்ன இருந்துச்சுன்னு மூச்சே விடலையே?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எல்லாத்தையும் இப்படிச் சந்தேகப்பட்டா எப்படிப் பெரியப்பா, நம்பிக்கை வரணும்னுதானே வாங்கிட்டு வந்தேன் என்றேன்.

"சந்தேகம் இல்லடா. ரிப்போர்ட் கேக்கறேன்."

அடுத்த ஆவணியில் போய்விட்டார். ரிப்போர்ட் 2012 அக்டோபரில் வந்தது. அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமை வெளியிட்ட அந்த ஆவணத்தில் ஆர்ம்ஸ்ட்ராங்கின் பழைய அணித் தோழர்களே சத்தியப் பிரமாணம் செய்து சொன்ன வாக்குமூலங்கள் இருந்தன. 1999 முதல் 2005 வரை அவர் வென்ற ஏழு பட்டங்களும் பறிபோயின. 2013 ஜனவரியில் ஓப்ரா வின்ஃப்ரே முன்னால் உட்கார்ந்து, ஆமாம், ஏழிலும் எடுத்தேன் என்றார்.

இந்தக் கட்டுரைக்காக அந்தப் புத்தகத்தை மறுபடி படித்தேன். சொன்னால் அடிக்க வருவீர்கள், இன்னமும் நல்ல புத்தகம்தான். அதுதான் என் பிரச்சினையே. முழுக்கப் பொய்யான புத்தகம் என்றால் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். மருத்துவமனைப் பகுதிகளில் ஒரு வரிகூட இட்டுக்கட்டியதாகத் தெரியவில்லை. லட்சத்தைத் தாண்டிய கட்டிக்குறியீட்டு எண், நுரையீரலைக் கெடுத்துவிடும் என்று ஒரு மருந்தைத் தவிர்த்து வேறு கலவையைத் தேர்ந்தெடுக்கிற இடம், கீமோவில் தோல் மாறும் விதம் என்று எல்லாம் உடம்பிலிருந்து எழுதப்பட்டவை. இ.பி.ஓ. என்கிற மருந்தின் பெயர்கூட அங்கேயே வந்துவிடுகிறது. சிறுநீரகம் சுரக்கும் ஹார்மோன் அது, சிவப்பணுக்களைப் பெருக்கும். அதன் செயற்கை வடிவத்தை டயாலிசிஸ் நோயாளிகளுக்கும் கீமோ நோயாளிகளுக்கும் கொடுப்பார்கள். ஆரோக்கியமான ஒருவன் போட்டுக்கொண்டால் தசைக்குக் கூடுதல் ஆக்ஸிஜன். மலை ஏறுகிறவனுக்கு வேறென்ன வேணும்? தொண்ணூறுகளில் இதைக் கண்டுபிடிக்கப் பரிசோதனையே கிடையாது. 1997-ல் சர்வதேச சைக்கிள் சங்கம் ஓர் உச்சவரம்பு மட்டும் வைத்தது: ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, பெரியப்பா பாஷையில் பி.சி.வி., 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. திருடலாம், ஆனால் இவ்வளவுதான் திருடலாம் என்கிற மாதிரி.

புத்தகத்தின் பிற்பாதியில், பந்தயத்துக்குத் திரும்பியதும், உடம்பு மெல்லக் காணாமல் போகிறது. அதன் இடத்தில் மனவுறுதி வந்து உட்காருகிறது. மழையில் மலைப்பாதை, நிறுத்து அளந்து சாப்பிட்ட சாப்பாடு, பல்லைக் கடித்த வைராக்கியம். பத்து வயசிலிருந்து சினிமாவில் பார்த்த அதே வைராக்கியம் என்பதால் எனக்கு அது உறுத்தவில்லை. பெரியப்பாவுக்கு உறுத்தியிருக்கிறது.

இதில் கொடுமை என்னவென்றால், புத்தகத்தின் மிகப் பெரிய மௌனமும் அதே ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது. 1996 அக்டோபரில் இண்டியானா பல்கலைக்கழக மருத்துவமனை அறையில், ஊக்கமருந்து எடுத்ததுண்டா என்று டாக்டர்கள் கேட்க, இ.பி.ஓ., வளர்ச்சி ஹார்மோன், கார்டிசோன், ஸ்டீராய்டு என்று ஆர்ம்ஸ்ட்ராங் வரிசையாகச் சொன்னதைக் கேட்டோம் என்று அணித் தோழர் ஃப்ராங்கி ஆண்ட்ரூவும் அவருடைய மனைவியாகவிருந்த பெட்ஸியும் பின்னாளில் சத்தியம் செய்து சொன்னார்கள். ஓப்ரா இதைப் பற்றிக் கேட்டபோது மட்டும் ஆர்ம்ஸ்ட்ராங் பதில் சொல்ல மறுத்துவிட்டார். புத்தகம் அந்த ஆஸ்பத்திரியைத் துல்லியமாக விவரிக்கிறது. அந்தச் சில நிமிஷங்களை மட்டும் விட்டுவிட்டு. தகவல்கள் அடர்த்தியாக இருந்தால் எழுத்து உண்மையாக இருக்கும் என்று நம்மில் பலர், எழுதுகிறவர்கள்கூட, நம்புகிறோம். இந்தப் புத்தகத்துக்குப் பிறகு எனக்கு அந்த நம்பிக்கை போய்விட்டது. நோயின் உண்மையைத்தான் அது பொய்க்கு ஜாமீனாக வைத்திருக்கிறது.

பிரெஞ்சு சைக்கிள் உலகத்தில் ஒரு சொல்வழக்கு உண்டு: சூப்பில் துப்புவது. உள்ளே நடப்பதை வெளியே சொல்கிறவனை அப்படிச் சொல்வார்கள். நாம் உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்போம். ஆனால் ரெண்டகத்தில் வீட்டுக்காரன் ஒருத்தன்தான் பாதிக்கப்படுகிறான். சூப்பில் துப்பினால் பந்தியில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தனும் குடிக்க முடியாது. கோபம் அத்தனை பேருக்கும் வரும்.

பால் கிம்மேஜ் அப்படித் துப்பியவர். அயர்லாந்துக்காரர், எண்பதுகளின் பிற்பாதியில் நாலு வருஷம் தொழில்முறை வீரர். பெரிய ஆள் ஒன்றும் இல்லை. அணித் தலைவனுக்குத் தண்ணி பாட்டில் கொண்டுபோய்க் கொடுக்கிற, காற்றை மறைத்து ஓட்டுகிற எடுபிடி. எடுபிடிக்குத்தான் சமையலறை தெரியும். 1990-ல் வந்த அவருடைய 'ரஃப் ரைடு' தோற்றவனின் புத்தகம், அதனாலேயே எனக்கு இந்த வகையில் ஆகப் பிடித்த புத்தகம். முதல் ஊசி வெறும் வைட்டமின் பி12. முதலில் மாட்டேன் என்கிறார், அப்புறம் போட்டுக்கொள்கிறார். தப்பே இல்லைதான், தடைசெய்யப்பட்ட பொருள் இல்லை. ஆனால் ஊசி என்கிற சாமான் கைக்குப் பழகிவிடுகிறது. பரிசோதனை எதுவும் இல்லாத சில்லறைப் பந்தயங்களில் ஆம்ஃபெடமினும் எடுத்ததை அவரே எழுதுகிறார். யாரையும் காட்டிக்கொடுக்க அவர் ஆசைப்படவில்லை, பெரும்பாலும் தன்னைத்தான் காட்டிக்கொடுக்கிறார். அப்படியும் பழைய சிநேகிதர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

கிறிஸ்தோஃப் பாஸோனின் கதை இன்னும் மோசம். 1998 ஜூலையில் ஃபெஸ்டினா அணியின் மசாஜ்காரர் காரில் மருந்துக் குவியலோடு பிரெஞ்சு எல்லையில் பிடிபட்டார். விசாரணையில் அந்த அணிக்காரர்களே சொன்னது, பாஸோன் மட்டும் எதுவும் எடுக்கவில்லை என்று. அடுத்த வருஷ டூரில் அவர் ஒரு பிரெஞ்சு நாளிதழில் பத்தி எழுதினார், இந்த வேகம் சரியாகப் படவில்லை என்கிற ரீதியில். ஆல்ப் த்யூஸ் மலைக்குப் போகிற நாளில் ஆர்ம்ஸ்ட்ராங் பக்கத்தில் வந்து, நீ வீட்டுக்குப் போய்விடு என்றார். கூட ஓட்டியவர்கள் பேச்சை நிறுத்தினார்கள், சொந்த அணியிலும் ஆதரவில்லை. ஓரிரு நாளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அதே டூரில் ஆர்ம்ஸ்ட்ராங்கின் மாதிரியில் கார்டிகோஸ்டீராய்டு தட்டுப்பட்டபோது, இருக்கைப் புண்ணுக்குப் போட்ட களிம்பு என்று முன்தேதியிட்ட மருந்துச் சீட்டு ஒன்று தயாரானது. அதைச் சொன்னவர் அணியின் மசாஜ் பெண் எம்மா ஓ'ரெய்லி. அவருக்குக் கிடைத்தது வழக்கும் கேவலமான வசவும்.

ஆக, ஒருபக்கம் எண்களும் கோப்பைகளும். இன்னொரு பக்கம் ஒரு மசாஜ் பெண், ஒரு மனைவி, ஓர் எடுபிடி. 2005-ல் பாரிஸ் மேடையில் நின்று, அற்புதங்களை நம்பாதவர்களுக்காகப் பரிதாபப்படுகிறேன் என்று ஆர்ம்ஸ்ட்ராங் சொன்னது இவர்களைப் பார்த்துத்தான். ஒருவகையில் என் பெரியப்பாவையும் பார்த்து.

ரொலான் பார்த் 'மித்தாலஜீஸ்' நூலில் டூரை ஒரு காவியமாக வாசிக்கும் கட்டுரை உண்டு. அதில் ஊக்கமருந்தை ஒரு தெய்வ நிந்தனை மாதிரிப் பேசுவார்: கடவுள் தருகிற பொறியைக் கடவுளிடமிருந்தே திருடுவது என்கிற பொருளில். கல்லூரியில் இதைப் படித்துவிட்டு மெய்சிலிர்த்திருக்கிறேன். இப்போது படித்தால் கொஞ்சம் எரிச்சல் வருகிறது. பார்த்துக்கு முப்பது வருஷம் முன்பே, 1924-ல், ஆல்பெர் லோந்த்ர் என்கிற நிருபர் ஒரு காபிக்கடையில் பெலிஸியே சகோதரர்களைச் சந்தித்து, அவர்கள் பையிலிருந்து எடுத்துக் காட்டிய கொக்கெய்ன், குளோரோஃபார்ம், மாத்திரை எல்லாவற்றையும் எழுதிவிட்டார். நிருபர் விஷயம் தெரியாதவர் என்று கொஞ்சம் கூட்டிச் சொன்னோம் என்று பின்னாளில் அந்தச் சகோதரர்களில் ஒருவர் சொன்னதாகச் சொல்வார்கள், அதுவும் இருக்கலாம். இருந்தாலும் லோந்த்ர் பையைத் திறந்து பார்த்தார். பார்த் பார்த்தது காவியத்தை.

டைலர் ஹாமில்டனின் 'த சீக்ரெட் ரேஸ்' 2012-ல் வந்தது. உடன் எழுதியவர் டேனியல் கோய்ல். இதே கோய்ல் 2005-ல் ஆர்ம்ஸ்ட்ராங் பற்றியும் ஒரு புத்தகம் எழுதியவர் என்பதால் எனக்கு ஆரம்பத்தில் தயக்கம் இருந்தது. முதல் ஐம்பது பக்கத்தில் போய்விட்டது. அணி டாக்டர் ஒரு சின்னச் சிவப்பு மாத்திரையை நீட்டுகிறார், ஆரோக்கியத்துக்கு என்று. சுத்தமாக ஓட்டுவதற்கு அவர்களுக்குள் ஒரு பெயர்: பானியாகுவா. ஸ்பானிய மொழியில் ரொட்டியும் தண்ணீரும். ஊக்கமருந்து இல்லாமல் ஒருவன் சுமார் ஆயிரம் நாள் தாக்குப்பிடிப்பான், மூன்றாவது வருஷம்தான் முடிவெடுக்கிற வருஷம் என்று ஒரு கணக்குச் சொல்கிறார். முதல் வருஷம் உற்சாகம், இரண்டாம் வருஷம் சந்தேகம், மூன்றாம் வருஷம் மாத்திரை. எந்த வேலைக்கும் பொருந்தும் என்று தோன்றுகிறதா, எனக்கும் தோன்றியது. அதைவிட, கெட்டுப்போன ரத்தப் பையை ஏற்றிக்கொண்ட ஒரு ராத்திரி வருகிறது. சிறுநீர் கறுஞ்சிவப்பாகப் போகிறது. அறையில் தனியாகக் கிடக்கிறார், யாரைக் கூப்பிடுவது, என்னவென்று சொல்வது? அந்தப் பக்கத்தை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை.

குறை இல்லாத புத்தகம் இல்லை. கோய்ல் பல இடங்களில் அதை ஒரு திரில்லராக ஓட்டுகிறார். மோட்டார் சைக்கிளில் இ.பி.ஓ. கொண்டுவந்து கொடுக்கும் ஆள், சங்கேதப் பெயர்கள், சுவாரசியம் கொஞ்சம் தூக்கல். ஒப்புக்கொள்வதற்கும் ஒரு மார்க்கெட் இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. 2004-ல் இன்னொருவரின் ரத்தம் உடம்பில் இருப்பதாக மாட்டியபோது, கருவிலேயே மறைந்துபோன இரட்டைப் பிறவியின் ரத்தமாக இருக்கலாம் என்றெல்லாம் இவருடைய தரப்பில் வாதிட்டவர்கள்தான். அப்புறம் இவரை மட்டும் ஏன் நம்புகிறேன்? ஆர்ம்ஸ்ட்ராங் கொடுக்கிற ஒவ்வொரு தகவலும் அவருக்கு எதையாவது சம்பாதித்துக் கொடுக்கிறது. ஹாமில்டன் கொடுக்கிற ஒவ்வொன்றும் அவரிடமிருந்து எதையாவது பிடுங்கிக்கொள்கிறது, ஏதென்ஸ் ஒலிம்பிக் தங்கம் உட்பட. கோய்ல் வேறு அடிக்குறிப்புகளில் மற்றவர்களிடம் விசாரித்துச் சரிபார்த்துக்கொண்டே வருகிறார். பெரியப்பா கேட்ட ரிப்போர்ட் கிட்டத்தட்ட அதுதான்.

ஃப்ளாய்ட் லாண்டிஸை விட்டுவிட முடியாது. 2006 டூரை ஜெயித்து, டெஸ்டோஸ்டிரோனில் மாட்டி, நான் நிரபராதி என்று 2007-ல் 'பாஸிட்டிவ்லி ஃபால்ஸ்' என்று ஒரு புத்தகமே போட்டார். வழக்குச் செலவுக்கு ரசிகர்களிடம் வசூல் வேறு. 2010-ல் எல்லாம் பொய் என்று ஒப்புக்கொண்டார், ஆர்ம்ஸ்ட்ராங்கின் கோட்டை சரிந்ததும் அங்கிருந்துதான். கொடுத்தவர்களுக்குச் சுமார் 4,78,000 டாலர் திருப்பித் தருவதாக 2012-ல் ஒப்பந்தம். பணத்தைத் திருப்பித் தரலாம். வாசித்த நேரத்தை? கலிஃபோர்னியாவில் சில வாசகர்கள் 2013-ல் ஆர்ம்ஸ்ட்ராங் மேலும் பதிப்பகங்கள் மேலும் வழக்கே போட்டார்கள், உண்மை என்று விற்றதைத்தான் வாங்கினோம் என்று. பொய் இருந்தாலும் புத்தகத்துக்குப் பேச்சுரிமைப் பாதுகாப்பு உண்டு என்று நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. தீர்ப்பு சரிதான் என்று நினைக்கிறேன். தன்வரலாறுகளை நீதிபதிகள் திருத்த ஆரம்பித்தால் எங்கே போய் முடியும்? ஆனால் அந்த வாசகர்களைப் பார்த்துச் சிரிக்க என்னால் ஆகாது.

இவ்வளவும் படித்த பிறகு நான் ஆகியிருப்பது நல்ல வாசகனாக இல்லை, ஒரு நோயாளியாக. எந்த மலையைப் பார்த்தாலும் ஸ்டாப்வாட்ச், கிலோவுக்கு எத்தனை வாட்ஸ் என்று கணக்கு. என்னைப் போலப் பல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவர்தான் 2015-ல் கிறிஸ் ஃப்ரூம் மீது, போதைக்காரா என்று கத்திக்கொண்டே சிறுநீரை ஊற்றியதும். அவருக்கு அது சந்தேகமாக இருந்திருக்காது. ஆர்ம்ஸ்ட்ராங்கை நம்பியபோது எனக்கு இருந்த அதே நிச்சயம்தான் அவருக்கும். பெட்ஸி ஆண்ட்ரூ ஓர் அறையில் ஒரு வாக்கியத்தைக் காதால் கேட்டார். எம்மா ஒரு மருந்துச் சீட்டு தயாராவதைக் கூட இருந்து பார்த்தார். எனக்கு என்ன தெரியும்? சோபா தெரியும், யூடியூப் தெரியும்.

2024 ஜூலை 14, பிளாட்டோ த பேய் மலை. 1998-ல் மார்கோ பாந்தானி வைத்த சாதனை நேரத்தை டாடெய் பொகாச்சர் மூன்று நிமிஷத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் உடைத்தார். பாந்தானியின் அந்த வருஷ மாதிரிகளில் இ.பி.ஓ. இருந்தது என்று 2013-ல் பிரெஞ்சு செனட் அறிக்கை சொல்லிவிட்டது. அவரை மூன்று நிமிஷத்தில்! பின்னாலேயே வந்த ஜோனஸ் விங்கேகார்டும் பழைய சாதனையைத் தாண்டினார். விளக்கங்கள் இருக்கின்றன: மணிக்கு 120 கிராம் மாவுச்சத்து, புது டயர், காற்றை வெட்டும் சட்டகம், உயரமான மலைகளில் மாதக்கணக்கில் பயிற்சி. 2008 முதல் ஒவ்வொரு வீரரின் ரத்தமும் தொடர்ச்சியாகப் பதிவாகிறது. இருவரும் எந்தப் பரிசோதனையிலும் சிக்கியதில்லை, எதிராக ஒரு சாட்சியும் இல்லை. என் மகளுக்குக் கொடுக்காத எதையும் நான் எடுக்க மாட்டேன், இருந்தாலும் நீங்கள் சந்தேகப்படுவது எனக்குப் புரிகிறது என்று 2023-லேயே விங்கேகார்ட் சொல்லியிருந்தார். இந்த விளையாட்டில் நான் கேட்டதிலேயே மரியாதையான பேச்சு அது. என்ன, மரியாதையாகப் பேசுகிறவர்களையும் நான் நிறையப் படித்திருக்கிறேன்.

பொகாச்சர் கோட்டைத் தொட்டபோது கைதட்டியிருக்கிறேன். எப்போது தட்டினேன் என்று எனக்கே தெரியாது, மனைவி சொல்லித்தான் தெரியும். அடுத்த நிமிஷம் போனை எடுத்துப் பாந்தானியின் நேரத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பந்தயத்துக்கு ஓய்வு நாள். பரணிலிருந்து கிம்மேஜை எடுத்து, வைட்டமின் ஊசி வருகிற அத்தியாயத்திலிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்தேன்.